வானத்துக்குப் போன பணம் எந்த ஊரில் இறங்கியது?

கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போவேன் என்றானாம். விண்வெளிக்கு மனிதனை அனுப்பும் பேச்சு நம் நாட்டில் எழும்போதெல்லாம் நம்மவர்கள் வாயில் முதலில் வருவது இந்தப் பழமொழிதான். தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்குச் சொந்த வீடில்லை, படித்த பிள்ளைகளுக்குத் தகுந்த வேலையில்லை, இந்த இலட்சணத்தில் வானவெளிக்கு ஆள் அனுப்பி என்ன ஆகப்போகிறது என்று கேட்பார்கள். மறுபக்கத்தில் நிற்பவர்களோ நாட்டின் பெருமை, மாணவர்களுக்கு ஊக்கம், அறிவியல் வளர்ச்சி என்று அடுக்குவார்கள்.

இரு தரப்பினர் சொல்வதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், இரு தரப்பினரும் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். அரசாங்கப் பணம் எதுவும் வானத்தில் செலவாவதில்லை. அங்கே கடையும் இல்லை, சம்பள நாளும் இல்லை. விண்வெளிக்கென்று ஒதுக்கப்படும் ஒவ்வொரு வெள்ளியும் இந்தப் பூமியில், ஏதோ ஓர் ஊரில், யாரோ ஒருவருடைய சம்பளமாகத்தான் இறங்குகிறது. அந்த ஊர் எது? அந்த ஆள் யார்? அந்த வேலை எத்தனை ஆண்டுக்கு நிலைக்கும்? நான் எழுப்ப விரும்பும் கேள்விகள் இவைதாம்.

கோல சிலாங்கூர் மாவட்டத்தில் புக்கிட் ரோத்தான் என் ஊர். தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். ஆறாம் ஆண்டுவரை தமிழ்ப்பள்ளி, அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளி, இப்போது பல்கலைக்கழகம். இராக்கெட்டைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரே முதலாளியை நம்பி வாழ்ந்த ஊர்களுக்கு என்ன நேரும் என்பது எங்கள் பக்கத்து மக்களுக்குத் தெரியும். அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

2007இல் நாம் வாங்கியது என்ன?

2007ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், கஸக்ஸ்தானிலுள்ள பைக்கானூர் தளத்திலிருந்து சோயுஸ் விண்கலத்தில் புறப்பட்டார் டாக்டர் ஷேக் முஸாபார். அனைத்துலக விண்வெளி நிலையத்துக்குச் சென்று, அக்டோபர் 21ஆம் நாள் பூமிக்குத் திரும்பினார். விண்வெளிக்குச் சென்ற முதல் மலேசியர் அவர். அந்த வாய்ப்புக்கு 11,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தனர். இறுதிச் சுற்றுக்கு வந்த நால்வருள் ஒருவர் நம் தமிழ்ப்பெண், பொறியியலாளர் வனஜா. அந்த நால்வரில் அவர் ஒருவரே பெண். அவருடைய படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்திருந்த வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு.

இந்தப் பயணம் எப்படிக் கிடைத்தது என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 2003ஆம் ஆண்டு மலேசியா ரஷ்யாவிடமிருந்து 18 சுக்கோய் போர் விமானங்களை ஏறக்குறைய 900 மில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. அந்தக் கொள்முதலோடு ஈடாக வந்ததுதான் விண்வெளி இருக்கை. கடையில் பெரிய சாமான் வாங்கினால் கூடவே ஒரு சாமான் கொடுப்பார்களே, அப்படி. அந்த இருக்கையின் மதிப்பு ஏறக்குறைய 25 மில்லியன் டாலர் என்று அன்றைய செய்திகள் கூறின.

இப்போது பணம் இறங்கிய ஊர்களைப் பார்ப்போம். சுக்கோய் விமானங்கள் சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரத் தொழிற்சாலையில் உருவாயின. சோயுஸ் இராக்கெட் வோல்கா நதிக்கரையிலுள்ள சமாரா நகரத்தில் உருவாகிறது. விண்கலம் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கொரோல்யோவ் நகரத்தில் உருவாகிறது. நம் வீரர்கள் பயிற்சி பெற்றதும் மாஸ்கோவுக்கு அருகில்தான். அந்த ஊர்களில் கடைசல் இயந்திரம் ஓட்டுபவர், வெல்டிங் செய்பவர், மின்கம்பி கோப்பவர், அவர்களுக்குச் சமைத்துப் போடுபவர் ஆகிய எல்லாருக்கும் அந்தப் பணத்தில் ஒரு துளி பங்கு இருந்திருக்கும். அதில் தவறேதும் இல்லை. செய்தவனுக்குத்தான் கூலி. ஆனால், சிலாங்கூரிலோ பேராக்கிலோ அந்தத் திட்டத்தால் தினமும் காலையில் பட்டறைக்குப் போய் வந்தவர் எத்தனை பேர்?

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், முழுவதும் வெறுங்கை என்று கூறிவிட முடியாது. நம் ஆய்வாளர்கள் வடிவமைத்த சோதனைகள் விண்வெளி நிலையத்தில் செய்யப்பட்டன. புற்றுநோய் உயிரணுக்களைப் பற்றியும் புரதப் படிகங்களைப் பற்றியும் ஆராய்ந்தார்கள். 2009ஆம் ஆண்டு ஏவப்பட்ட ரஸாக்சாட் துணைக்கோளில் மலேசியப் பொறியியலாளர்களும் தென்கொரியர்களுடன் சேர்ந்து உழைத்தார்கள். பந்திங்கில் தேசிய விண்வெளி மையம் இருக்கிறது. ஆயினும், மனிதனை அனுப்பும் திட்டம் ஒரு பயணத்தோடு நின்றுபோனது. இரண்டாவது மலேசியர் இன்றுவரை செல்லவில்லை. நாம் வாங்கியது ஓர் இருக்கை. தொழிலை நாம் வாங்கவில்லை. இருக்கை பதினொரு நாளில் காலியாகிவிட்டது.

செய்கிற ஊரில்தான் வேலை

இதே துறையில் இந்தியா வேறு வழியில் போகிறது. ககன்யான் என்ற மனித விண்வெளித் திட்டத்துக்கு இந்திய அமைச்சரவை 2018ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்தபோது அதன் மதிப்பீடு ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய். 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் விண்வெளி நிலையத்தின் முதற்பகுதியையும் சேர்த்து மொத்த ஒதுக்கீடு 20,193 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. சிறிய தொகையன்று. ஏழைகள் நிறைந்த நாட்டில் இது தேவையா என்ற கேள்வி அங்கேயும் எழத்தான் செய்கிறது.

ஆனால், அந்தப் பணம் எங்கே இறங்குகிறது? தமிழ்நாட்டில் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், காற்றாலைகளுக்கு நடுவே இருக்கும் இடம் அது. மனிதர்களை ஏற்றிச் செல்லும் இராக்கெட்டுக்கான விகாஸ் எந்திரமும், சி.இ.20 என்ற கடுங்குளிர் எரிபொருள் எந்திரமும் அங்கேதான் பலமுறை எரித்துச் சோதிக்கப்பட்டன. சி.இ.20 எந்திரம் மனிதப் பயணத்துக்கு ஏற்றது என்பதற்கான தரைச் சோதனைகள் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் முடிந்தன. சேலம் உருக்காலை இஸ்ரோவுக்கென்று தனிவகைத் துருப்பிடிக்காத எஃகைத் தகடாக்கிக் கொடுத்திருக்கிறது. மும்பைத் தொழிற்சாலைகள் சில, எந்திரங்களையும் இராக்கெட்டின் உடற்பகுதிகளையும் செய்கின்றன.

இந்தத் திட்டத்தால் 15,000 பேருக்கு வேலை கிடைக்கும், அதில் பெரும்பங்கு தனியார் தொழிற்சாலைகளில் இருக்கும் என்று 2018ஆம் ஆண்டு இஸ்ரோவின் அன்றைய தலைவர் சிவன் கூறியதாகச் செய்திகள் வந்தன. திட்டம் தொடங்கும்போது சொல்லும் எண்ணிக்கை வேறு, சம்பளப் பட்டியலில் ஏறும் எண்ணிக்கை வேறு. எந்த அரசாங்கம் சொன்னாலும் இதை நாம் மறக்கக்கூடாது. எனினும் ஒன்று கண்கூடு. சிவனும், 2025ஆம் ஆண்டு சனவரியில் அப்பொறுப்புக்கு வந்த நாராயணனும் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளைகள். இருவரும் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர்கள். அவர்கள் வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் மகேந்திரகிரியும், மறுபுறம் திருவனந்தபுரத்துத் தும்பாவும் இருந்தன. 1963ஆம் ஆண்டு தும்பாவிலிருந்து முதல் இராக்கெட் பறந்தது. அன்று முதல் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இராக்கெட் என்பது கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்த ஒரு வேலையிடம். ஊக்கம் வேறு, வழி வேறு. அவர்களுக்கு இரண்டும் இருந்தன.

எங்கள் தமிழ்ப்பள்ளியின் அறிவியல் அறைச் சுவரிலும் விண்வெளி வீரரின் படம் ஒன்று ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து விண்வெளி வீரனாவேன் என்று சொன்ன வகுப்புத் தோழர்கள் மூன்று பேராவது இருப்பார்கள். ஒருவன் இன்று காப்பார் பக்கம் கிடங்கில் சாமான் ஏற்றுகிறான். ஒருவன் வாடகைக் கார் ஓட்டுகிறான். அவர்களுக்கு ஊக்கம் இல்லாமல் போகவில்லை. படத்துக்கும் பட்டறைக்கும் நடுவே பாதை போட யாரும் இல்லை.

ஒரே கையிலிருந்து வரும் சோறு

இந்த இடத்தில் கட்டுரையை முடித்து, இந்தியாவைப் போல நாமும் செய்வோம் என்று சொல்லிவிடலாம். ஆனால், விண்வெளிப் பணத்தை நம்பிய ஊர்களின் கதை எல்லாம் இனிப்பாக இல்லை.

அமெரிக்காவின் அப்போல்லோ திட்டத்தில் உச்சக்கட்டத்தில் ஏறக்குறைய 400,000 பேர் உழைத்தார்கள். 1966ஆம் ஆண்டில் அமெரிக்க நடுவண் அரசின் செலவில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் நாசாவுக்குப் போனது. புளோரிடாவின் கென்னடி விண்வெளி மையத்தில் மட்டும் 1968ஆம் ஆண்டு வாக்கில் 26,000 பேர் வேலை செய்தார்கள். நிலாவில் கால் வைத்தாயிற்று, போதும் என்று வாஷிங்டனில் முடிவானதும் நிதி சுருங்கியது. 1970களின் நடுவில் அந்த எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் கீழே போனது. வீடுகளை விட்டுவிட்டு மக்கள் வெளியேறினார்கள். பிறகு விண்வெளி ஓடம் வந்தது, வேலையும் திரும்ப வந்தது. 2011ஆம் ஆண்டு சூலையில் கடைசி ஓடம் தரையிறங்கியதும் அந்த வட்டாரத்தில் மீண்டும் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பல ஆண்டுகள் கழித்துத் தனியார் இராக்கெட் நிறுவனங்கள் அங்கே வந்த பிறகுதான் நிலைமை தேறியது.

அங்கே நடந்ததைப் படிக்கும்போது என் பாட்டி சொன்ன கதைகள்தாம் நினைவுக்கு வந்தன. பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் போவார். வேலை கொடுத்ததும் தோட்டம், லயத்து வீடு கொடுத்ததும் தோட்டம். பிள்ளையை விட்டுச் செல்ல ஆயாக்கொட்டகை, காய்ச்சலுக்கு மருந்தகம், கும்பிடக் கோவில், படிக்கப் பள்ளி எல்லாம் அந்த ஒரே வேலிக்குள் இருந்தன. ஒரே கையிலிருந்து எல்லாம் வந்ததால் அந்தக் கை மூடியபோது எல்லாம் ஒரே நாளில் போயின. இரப்பரைச் சாய்த்துச் செம்பனை போட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டியதில்லை. வேண்டிய ஆளும் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். சில இடங்களில் நிலமே வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறியது. அந்த முடிவுகளை எடுத்தவர்கள் தோட்டத்தில் இல்லை. எங்கோ ஒரு மாநகரில், மேசையைச் சுற்றி அமர்ந்து எடுத்தார்கள். வேலை போனவருக்கு வீடும் போயிற்று. தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கற்ற கைத்திறமை வெளியே எந்தக் கடையிலும் செல்லாத காசானது.

புளோரிடாவின் பொறியியலாளரும் பாட்டியும் ஒன்றா என்று கேட்கலாம். சம்பளத்தில் ஒன்றல்ல, படிப்பிலும் ஒன்றல்ல. ஆனால், தொலைவில் எடுக்கப்படும் ஒரு முடிவுக்கு மொத்த ஊரும் தலையசைக்க வேண்டிய நிலையில் இருவரும் ஒன்றே. மனித விண்வெளித் திட்டம் என்பது அரசியல் முடிவால் பிறக்கிறது, அரசியல் முடிவால் நிற்கிறது. அதை மட்டுமே நம்பி ஓர் ஊரை வளர்ப்பது, ஒற்றைப் பயிரை நம்பித் தோட்டம் போடுவதற்குச் சமம். விலை நன்றாக இருக்கும்வரை பச்சைப்பசேல் என்று இருக்கும்.

ஏவுதளம் வந்தால் போதுமா?

இதை ஏன் இப்போது எழுத வேண்டும்? நம் நாட்டில் இந்தப் பேச்சு மறுபடியும் சூடுபிடித்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு மலேசிய விண்வெளி நிறுவனம் அமைக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு விண்வெளி வாரியச் சட்டம் வந்தது. நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். பூமி சுழலும் வேகம் இங்கே அதிகமாகக் கைகொடுப்பதால் கிழக்கு நோக்கி ஏவும் இராக்கெட்டுக்கு எரிபொருள் மிச்சம். ஆகவே ஏவுதளம் அமைக்கலாம் என்று பகாங், சபா போன்ற மாநிலங்களின் பெயர்கள் அடிபடுகின்றன. வேலை வாய்ப்பு பெருகும் என்ற வாக்குறுதியும் கூடவே வருகிறது.

நம்மைப் போலவே நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் ஊர் தென்னமெரிக்காவின் கூரூ. பிரெஞ்சுக் கயானாவில் இருக்கும் அந்தத் தளத்திலிருந்துதான் நம் மீசாட் 1 துணைக்கோள் 1996ஆம் ஆண்டு சனவரியில் ஏவப்பட்டது. நம் வீட்டுக் கூரைகளில் ஆஸ்ட்ரோ தட்டு முளைத்ததும், தமிழில் நிகழ்ச்சி படைப்போர் பலருக்குப் பிழைப்பு கிடைத்ததும் அதன் வழியாகத்தான். ஆனால், கூரூ மக்களுக்கு என்ன கிடைத்தது? 2017ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கயானா முழுவதும் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. மருத்துவமனை வேண்டும், பள்ளி வேண்டும், பாதுகாப்பு வேண்டும், வேலை வேண்டும் என்று மக்கள் சாலைகளை மறித்தார்கள். ஏவுவதற்குத் தயாராக இருந்த இராக்கெட் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தது. அரை நூற்றாண்டு காலம் தலைக்கு மேலே இராக்கெட் பறந்த ஊரின் நிலை அது.

இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டாவிலும் ஏவுதளம் அமைந்தபோது அந்தத் தீவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர் வெளியேற்றப்பட்டு வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் சிறிய இராக்கெட்டுகளுக்கான புதிய ஏவுதளத்துக்கு 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்காக எடுக்கப்பட்ட நிலம் 2,000 ஏக்கருக்கும் மேல். நிலத்தைக் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு வாயிற்காவலர் வேலையோடு நின்றுவிடுமா, உள்ளே எந்திரம் தொடும் வேலை கிடைக்குமா என்பதுதான் அந்தப் பக்கத்து மக்கள் கேட்க வேண்டிய கேள்வி. நிலத்தை இழந்து காவலர் உடை அணிந்தவர்களை நம் பக்கத்திலும் நிறையப் பார்த்துவிட்டோம்.

சென்ற விடுமுறையில் புக்கிட் ரோத்தான் ஒட்டுக்கடை ஒன்றில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, மேலே போறது இருக்கட்டும்பா, கிள்ளானுக்கு பஸ் ஒழுங்கா வருதா சொல்லு" என்றார். கடையே சிரித்தது. "ஐயா, பஸ்ஸை ரிப்பேர் பண்றவனுக்கும் ராக்கெட்டை ரிப்பேர் பண்றவனுக்கும் முதல்ல கத்துக்கொடுக்கிற பாடம் ஒண்ணுதான்" என்றேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தப் பாடத்தை எங்க சொல்லிக்கொடுக்கிறாங்க, அதைக் கேளு" என்றார். இந்தக் கட்டுரையின் சாரத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

மூன்று நிபந்தனைகள்

ஆகவே, விண்வெளிக்குப் பணமே கூடாது என்போரோடு நான் சேரவில்லை. விண்வெளிக்கு ஒதுக்காத பணம் தோட்டத்து மக்களுக்கு வந்துவிடும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. 2007க்கு முன்பும் வரவில்லை, அந்தத் திட்டம் நின்ற பின்பும் வரவில்லை. பணத்தை நிறுத்து என்று கேட்பதைவிட, பணத்தை இன்ன ஊரில் இன்னவாறு இறக்கு என்று கேட்பதே நமக்குப் பயன் தரும். என் பார்வையில் மூன்று நிபந்தனைகள் போதும்.

முதலாவது, இருக்கையை வாங்காதே, வேலையை வாங்கு. வெளிநாட்டோடு ஒப்பந்தம் செய்தால் அதன் ஒரு பகுதி உதிரிப்பாகங்களை இங்கே செய்வதாக இருக்க வேண்டும். இது நடக்காத காரியமன்று. வட சிலாங்கூரில் செரண்டாவிலுள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து 2017ஆம் ஆண்டு முதல் ரோல்ஸ் ராய்ஸ் விமான எந்திரங்களுக்கான விசிறி உறைகள் வெளியாகத் தொடங்கின. புக்கிட் ரோத்தானிலிருந்து அது வெகு தொலைவில் இல்லை. யாரும் வானத்துக்குப் போகவில்லை, தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பும் இல்லை. ஆனால், அங்கே மாதாமாதம் சம்பளம் வருகிறது.

இரண்டாவது, கற்பிக்கும் திறமை வேறு இடத்திலும் செல்லுபடியாக வேண்டும். இராக்கெட்டுக்கென்று வெல்டிங் கற்றவர் எண்ணெய்க் குழாய்க்கும், கப்பலுக்கும், மருத்துவமனை எந்திரத்துக்கும் வெல்டிங் செய்யலாம். நுண்கடைசல் கற்றவரும் தரப் பரிசோதனை கற்றவரும் அப்படியே. திட்டம் நின்றாலும் ஆள் நிற்க மாட்டார். பால்மரக் கத்தியோடு வெளியே வந்தவர்களுக்கு இல்லாமல் போனது இதுதான்.

மூன்றாவது, வீடு வேறு, வேலை வேறு என்று இருக்க வேண்டும். எந்தத் தொழில் வந்தாலும் தொழிலாளிக்குச் சொந்த வீட்டுரிமை முதலில் எழுதப்பட வேண்டும். வேலை போன நாளில் சட்டி பானையையும் தூக்கிக்கொண்டு வெளியேறும் வாழ்க்கை பாட்டியின் தலைமுறையோடு முடியட்டும்.

நாம் செய்ய வேண்டியது

அரசாங்கத்துக்கு மூன்று நிபந்தனை விதித்துவிட்டு நாம் சும்மா இருந்தால் நியாயமாகாது. பல்கலைக்கழக மாணவர்களாகிய நம்மிடமும் ஒரு குறை உண்டு. மருத்துவர், வழக்கறிஞர், பட்டதாரி என்றால் மாலை போடுகிறோம். தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகிறவனைப் படிப்பு ஏறாதவன் என்கிறோம். சந்திரயான் 3 விண்கலம் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் நிலாவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல். பள்ளி முடித்ததும் அவர் முதலில் சேர்ந்தது தொழில்நுட்பக் கல்லூரியின் பட்டயப் படிப்பு. பொறியியல் பட்டமும் முனைவர் பட்டமும் அதற்குப் பிறகு வந்தவை. அவர் எங்கள் ஊரில் பிறந்திருந்தால், பட்டயப் படிப்புக்குப் போன அன்றே, "பாவம், நல்ல பையன்" என்று சொல்லி முடித்திருப்போம்.

என் மாமா மகன் மலேசியத் திறன் சான்றிதழில் மூன்றாம் நிலை முடித்து வெல்டிங் வேலை செய்கிறான். அவன் போடும் தையல் நேர்த்தியாக இருக்கும். அவனுடைய திறமையைச் சோதித்துப் பார்க்கும் இடம் கோல சிலாங்கூரில் கிடைக்கவில்லை. நாள் முழுவதும் வாயிற்கதவும் சன்னல் கம்பியும் செய்துகொண்டிருக்கிறான். அவனைப் போல் கை தேர்ந்த பிள்ளைகள் ஈஜோக்கிலும் ஜெராமிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் இருக்கிறார்கள். அடுத்த முறை ஓர் அமைச்சர் விண்வெளித் திட்டம் அறிவிக்கும்போது, இவர்களுடைய பெயர்ப்பட்டியலோடு போய் நிற்கும் அமைப்பு நம்மிடம் இருக்கிறதா?

நம் மொழிக் கழகம் ஆண்டுதோறும் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளுக்குச் சென்று கதை, நாடகம், பேச்சுப் பயிற்சி என்று நடத்துகிறது. அவை தொடரட்டும். அவற்றோடு, அளவுகோல் பிடிக்கவும் வரைபடம் படிக்கவும் ஒரு மின்சுற்றைப் பூட்டவும் தமிழில் கற்றுக்கொடுக்கும் ஒரு நாளையும் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்த நாம்தாம் இதைச் செய்ய முடியும். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எல்லாம் வேறு மொழியில் வந்து மிரட்டும் அந்த முதலாண்டில், ஏற்கெனவே கையால் தொட்டுப் பார்த்த ஒரு பொருள் மாணவனைக் காப்பாற்றும். இதை நான் என் அனுபவத்தில் சொல்கிறேன்.

முன்னாள் மாணவர்களாகிய அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இன்று ஷா ஆலமிலும் சுபாங்கிலும் பினாங்கிலும் பெரிய தொழிற்சாலைகளில் பொறுப்பான பதவிகளில் இருக்கிறீர்கள். ஆளுக்கோர் இடம் போதும். ஆண்டுக்கு ஒருமுறை, பட்டதாரி மாணவருக்கு ஒன்று, தொழிற்கல்வி மாணவருக்கு ஒன்று என்று உங்கள் நிறுவனத்தில் பயிற்சி இடம் கேட்டுப் பாருங்கள். நன்கொடையைவிட அது பெரிது.

நாளை இன்னொரு மலேசியர் விண்வெளிக்குப் போகலாம். அவர் நம் இனத்தவராகவும் இருக்கலாம். அப்படி நடந்தால் நானும் கைதட்டுவேன், ஊர் ஒட்டுக்கடையில் எல்லாருக்கும் தேநீர் வாங்கித் தருவேன். ஆனால், கைதட்டி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பேன். அவர் அமர்ந்து சென்ற கலத்தில் ஒரு திருகாணியையாவது இந்த நாட்டில் யாராவது முடுக்கினார்களா? அந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் வரும் நாளில், கோல சிலாங்கூர் தோட்டப்புறங்களிலிருந்து வந்த ஒரு பிள்ளை அந்தப் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கான வேலையை நாம் இன்றே தொடங்கலாம்.